நாருக்குத் தண்ணீர், தண்ணீருக்கு ஆள்

டைவர்டிகுலைட்டிஸ் வந்து தணிந்தவர்களுக்கு எந்த மருத்துவமனையில் உணவுத்தாள் கொடுத்தாலும் அதில் மூன்று விஷயங்கள் இருக்கும். நார்ச்சத்தைக் கூட்டுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், தினமும் நடங்கள். எனக்கு இருப்பது லிம்ப் கர்டில் வகைத் தசைச்சிதைவு நோய். இடுப்பிலும் தோளிலும் தொடங்கிப் பரவும் வகை. நடப்பது நின்று பல வருடங்கள் ஆகின்றன. ஆகவே மூன்றாவது கிடையாது. முதல் இரண்டும் வாய் சம்பந்தப்பட்டவைதானே, அவை நம் கையில்தானே இருக்கின்றன என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். எங்களுக்கு அவையும் அப்படி இல்லை.

டைவர்டிகுலைட்டிஸ் நோயைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெருங்குடலின் சுவரில், ரத்தக்குழாய்கள் தசையைத் துளைத்து நுழையும் இடங்கள் இயல்பிலேயே வலுக்குறைந்தவை. உள்ளே அழுத்தம் கூடும்போது, பழைய சைக்கிள் டியூப் ஆங்காங்கே புடைப்பதுபோல, அந்த இடங்களில் உள்படலம் பிதுங்கிச் சின்னச் சின்னப் பைகளாகிவிடும். வயதானால் பலருக்கும் இருக்கும். பெரும்பாலோருக்கு இருப்பதே தெரியாது. அதில் ஒரு பை வீங்கி அழற்சி கண்டால்தான் வலியும் காய்ச்சலும். மேல்நாடுகளில் பெரும்பாலும் இடது அடிவயிற்றில் வரும். ஆசியர்களுக்கு வலப்பக்கத்திலும் வருவதுண்டு, குடல்வால் வலியோ என்று மயங்க வைக்கும். எனக்கு வந்தது இடப்பக்கம்.

உகாண்டாவில் அறுவை மருத்துவராக இருந்த டெனிஸ் பர்கிட்டும் அவரோடு நீல் பெயின்டரும் 1971இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரைதான் நார்ச்சத்துப் பேச்சைப் பெரிதாக்கியது. நார் குறைந்த மேல்நாட்டுச் சாப்பாடே இந்தப் பைகளுக்குக் காரணம் என்றார்கள். பை விழுவதற்கு நார் ஒன்றே காரணமில்லை, வயது, பரம்பரை, உடல் எடை, புகை, அசைவின்மை எல்லாம் சேர்கின்றன என்று இப்போது சொல்கிறார்கள். ஆனாலும் நார் அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு அழற்சி குறைவாக வருகிறது என்ற கருத்து நிற்கிறது. அசைவின்மை என்ற சொல்லை அந்தப் பட்டியலில் படிக்கும்போது, என்னைப் போன்றவர்கள் அதை மாற்றிக்கொள்ளவே முடியாது என்ற எண்ணம் வராமல் இல்லை.

தசைச்சிதைவு கை காலோடு நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மயோடோனிக் வகையில் குடலின் தசையே பாதிக்கப்படும். டுஷேன் வகைப் பையன்களுக்கும் மலச்சிக்கல் சாதாரணம். என் வகையில் குடல் தன் வேலையைச் செய்தாலும் வயிற்றுத் தசை முக்கித் தள்ளாது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்த வயிறு அது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டுஷேன் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு எடுப்பவர்கள். அது குடலில் ஓட்டை விழும் அபாயத்தைக் கூட்டும், விழுந்தாலும் வலியை அமுக்கிக் காட்டும். அவர்கள் வயிற்று வலி என்றால் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முதுகு வலிக்கு ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளை நாமாக வாங்கிப் போடுவதும் இந்தக் குடலுக்கு ஆகாது.

அழற்சி இருக்கும்போது குடலுக்கு ஓய்வு வேண்டும். இளநீர், வடிகட்டிய ரசம், கஞ்சித் தெளிவு என்று சில நாள் ஓடும். மற்றவர்களுக்கு அது பட்டினியின் அலுப்போடு முடிந்துவிடும். எங்கள் உடம்பில் தசைக் கையிருப்பே குறைவு. சாப்பாடு நின்றால் உடம்பு அதிலிருந்துதான் எடுக்கும், எடுத்தது திரும்பி வராது. மருத்துவரிடம் இதைச் சொன்னேன். வலி இறங்கியதுமே தயிரும் அவித்த முட்டையும் குழைந்த சாதமும் தொடங்கலாம் என்றார். உங்களில் யாருக்காவது இந்த இரண்டு நோயும் சேர்ந்திருந்தால், நீராகாரம் எத்தனை நாள் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாமாக நீட்டிக்க வேண்டாம்.

அப்புறம்தான் நார். நாளுக்கு 25 முதல் 35 கிராம் என்பது பொதுவான இலக்கு, மெதுவாகத்தான் அங்கே போக வேண்டும். திருச்சியில் இருப்பதால் வாழைத்தண்டுக்குப் பஞ்சமில்லை. காந்தி மார்க்கெட்டிலிருந்து வந்த தண்டை என் தம்பி மனைவி நறுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். மேல்பட்டையை உரித்துவிட்டு வில்லை வில்லையாக அரிவாள். ஒவ்வொரு வில்லைக்கும் நடுவே இழுபடும் நூலை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி எடுப்பாள். கறுக்காமல் இருக்க மோர்த் தண்ணீரில் போட்டுவைப்பாள். “இந்த நூலு தொண்டையில சிக்கும் அண்ணி. தண்டுல இருக்குற நாரு போதும்” என்பாள். பாசிப்பருப்போடு வேகவைத்து மத்தால் ஒரு கடை கடைந்த கூட்டு அது. விழுங்கும் தசையும் சோர்ந்துபோகிற என் தொண்டைக்கு ஏற்றபடி அவளே கண்டுபிடித்தது.

விதையுள்ள எதையும் தொடாதே என்று பெரியவர்கள் சொல்வார்கள். கத்தரிக்காய், தக்காளி, கொய்யா, எள் எல்லாவற்றுக்கும் தடை. மருத்துவர்களும் பல காலம் அப்படித்தான் சொன்னார்கள். அமெரிக்காவில் ஏறத்தாழ 47,000 ஆண்களை 18 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2008இல் வெளியான ஆய்வு, கொட்டைகளும் சோளப்பொரியும் இந்த நோயைக் கூட்டவில்லை என்று காட்டியது. இட்லிக்கு எள்ளுப்பொடி மறுபடி வந்தது எனக்கு ஒரு பெரிய சந்தோஷம். கொய்யாவை மட்டும் மசித்து வடிகட்டுகிறோம், அதற்குக் காரணம் என் தாடை. கொண்டைக்கடலை, மொச்சை எல்லாம் மதியத்தோடு சரி. இரவில் வாயு சேர்ந்து வயிறு உப்பினால் படுக்கும்போது மூச்சுத் தசை மேலே அழுத்தம் விழும். மூச்சு இழுக்கவே தெம்பு குறைந்தவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். தண்ணீர் போதாமல் நாரை மட்டும் கூட்டினால் மலம் இன்னும் இறுகும். தண்ணீர் குடித்தால் சிறுநீர் வரும். சிறுநீர் வந்தால் என்னைத் தூக்க ஒருவர் வேண்டும். நாற்காலியிலிருந்து தூக்கி, கழிப்பறை இருக்கையில் உட்கார வைத்து, உடையைச் சரிசெய்து, காத்திருந்து, மறுபடி தூக்கி வைக்க வேண்டும். பெண் என்பதால் பாட்டிலில் பிடித்துக்கொள்ளும் வசதியும் சுலபமில்லை. அதனால் தசைச்சிதைவோடு வாழும் பெண்கள் பலர் காலையில் அரை டம்ளர் காபியோடு தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். ஆள் வரும் நேரத்துக்கு ஏற்பத் தாகத்தைப் பழக்கிவிடுகிறார்கள். சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் அந்தப் பழக்கத்தின் கூலி.

அப்படித் தாகத்தை அடக்குவது பிறர் மேல் உள்ள அன்பால்தான். சமையலில் நிற்பவளைக் கூப்பிட வேண்டாம், சாப்பாட்டில் கை வைத்தவளை எழுப்ப வேண்டாம் என்ற அக்கறை அது. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பை புண்ணானால் மருத்துவமனை. அங்கே என்னைத் தூக்க வீடே வந்து நிற்க வேண்டும். எனக்காக இன்னொருவர் எவ்வளவு பாடுபடலாம் என்ற கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நான் தண்ணீர் குடிக்காமல் இருப்பது அந்தப் பாட்டைக் குறைப்பதில்லை என்பது மட்டும் தெரியும். அதனால் தம்பியிடமும் அவன் மனைவியிடமும் உட்கார்ந்து பேசினேன். தண்ணீர் குடிக்கும் நேரத்தையும் கழிப்பறை நேரத்தையும் மாத்திரை நேரம்போலச் சேர்த்து வகுத்தோம். பகலுக்கு ஓர் அம்மாவைச் சம்பளத்துக்கு வைத்தோம். இப்போது தம்பி மனைவி மோர் டம்ளரை நீட்டும்போதே “முடிச்சதும் கூப்புடுங்க அண்ணி, நான் இங்கதான் இருக்கேன்” என்கிறாள். அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் எந்த உணவுத்தாளும் எனக்குப் பயன்படாது.

எல்லா வீட்டிலும் இப்படி ஆள் வைக்க முடியாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தசைச்சிதைவைத் தன் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. சட்டத்தில் பெயர் இருக்கிறது, தூக்க ஆள் இல்லை என்பதுதான் பல வீடுகளின் நிலை. சேலத்தில் வானவன் மாதேவி, இயலிசை வல்லபி சகோதரிகள் தாங்களே இந்த நோயோடு இருந்துகொண்டு ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கி இதே நோயுள்ளவர்களுக்கு இல்லம் நடத்தினார்கள். எதற்கு ஓர் இல்லம் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

அடுத்த மாதம் உறவில் ஒரு கல்யாணம். தம்பி முன்கூட்டியே போய் மண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்தான். கழிப்பறைக்கு இரண்டு படி, கதவும் நாற்காலிக்கு அகலம் போதாது. முகூர்த்தத்துக்கு மட்டும் போய்ப் பந்திக்கு முன் திரும்புவது என்று முடிவு செய்திருக்கிறோம். சாப்பாடும் தண்ணீரும் வீட்டுக்கு வந்துதான். யாராவது ஏன் என்று கேட்டால் உடம்பைக் காரணம் காட்டாமல் கழிப்பறையைச் சொல்லிவிடு என்று தம்பியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.