துடுப்பை எறியலாமா?

முழுதும் கெட்டுப்போன பொருளால் நமக்குப் பெரிய தீங்கு நேருவதில்லை. ஓடாத மோட்டாரை நம்பி யாரும் படகில் ஏறமாட்டார்கள். அது கரையிலேயே கிடக்கும். பாதி கெட்ட பொருள்தான் ஆபத்தானது. நாலு முறை கயிற்றை இழுத்ததும் உறுமிக் கிளம்பி, நம்மை ஆழத்துக்கு அழைத்துச் சென்று, அங்கே அடங்கிவிடுகிற மோட்டாரைத்தான் சொல்லுகிறேன். அதை நம்புவதா, வேண்டாமா? மெக்கானிக்கைக் கேட்கவேண்டிய கேள்வி என்று இது தோன்றும். யோசித்துப் பார்த்தால், மனிதர்களைப் பற்றியும் நாம் நாள்தோறும் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்.

படகின் பின்புறத்தில் வெளியே மாட்டிக்கொள்ளும் இந்த இயந்திரத்தை அவுட்போர்டு மோட்டார் என்பார்கள். இப்படி ஒன்றைச் செய்து பார்த்தவர்கள் பலர். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர் 1909-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டார்தான் அதை ஊரறியச் செய்தது. அதன் வலிமை ஒன்றரைக் குதிரைசக்தி. விளம்பரம் எழுதியவர் அவருடைய மனைவி பெஸ். துடுப்புகளைத் தூக்கி எறிந்துவிடுங்கள் என்று அந்த விளம்பரம் ஜனங்களை அழைத்தது. நல்ல விளம்பரம், ஆனால் நல்ல யோசனை என்று சொல்ல முடியாது. நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்பும், தண்ணீரின் குணம் அறிந்தவர்கள் சிறிய மோட்டார் படகில் ஒரு துடுப்பையும் போட்டுக்கொண்டுதான் புறப்படுகிறார்கள்.

ஏன் என்று பார்ப்போம். ஒரு மோட்டார் கால்மணி நேரம் நன்றாக ஓடுகிறது. பிறகு திணறி நின்றுவிடுகிறது. படகுக்காரர் டாங்கியின் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கிறார். பெட்ரோல் இருக்கிறது. மூடியைப் போட்டுவிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுகிறார். கயிற்றை இழுத்தால் மோட்டார் ஓடுகிறது! கரை சேர்ந்ததும் புதிய பிளக் வாங்குகிறார். மறுவாரம் நடுநீரில் அதே திணறல், அதே மௌனம். இந்த மோட்டார் ராசியில்லாதது என்ற முடிவுக்கு அவர் வந்துவிடுகிறார்.

உண்மை என்ன? அப்படிப்பட்ட டாங்கிகள் பலவற்றின் மூடியில் காற்றுப் புகுவதற்கென்று ஒரு சிறு திருகு உண்டு. அதை அவர் தளர்த்திவிடவில்லை. உள்ளே பெட்ரோல் குறையக் குறைய, அந்த இடத்தைக் காற்று வந்து நிரப்பவேண்டும். வழி அடைபட்டிருந்தால் டாங்கிக்குள் காற்றழுத்தம் குறைந்து, பெட்ரோல் வெளியே வராமல் தங்கிவிடும். எட்டிப் பார்ப்பதற்காக மூடியைத் திறந்தாரே, அந்தக் கணத்திலேயே காற்றுப் புகுந்து நோய் தீர்ந்துவிட்டது. புகழ் போய்ச் சேர்ந்ததோ பிளக்குக்கு! பழி போய்ச் சேர்ந்தது மோட்டாருக்கு.

காரணம் தெரியாமல் மறைந்த குறை, நீங்கிய குறை அன்று, ஒளிந்துகொண்ட குறை. ஆகவே கவனமுள்ளவர் ஒரே சமயத்தில் நாலு காரியங்களைச் செய்யமாட்டார். ஒன்றை மட்டும் மாற்றுவார், ஓட்டிப் பார்ப்பார். கரையோரத்தில் படகைக் கட்டிவைத்து, திருகை வேண்டுமென்றே மூடி மோட்டார் நிற்கிறதா என்று பார்ப்பார். தளர்த்திவிட்டு, நிற்கும் நேரத்தையும் தாண்டி ஓடுகிறதா என்று பார்ப்பார். இந்தத் தாண்டிப் பார்ப்பது முக்கியம். தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தைத் தரும் காயில் சில வேளைகளில் சூடேறியதும் சோர்ந்துவிடும், ஆறியதும் தேறிவிடும். மெக்கானிக் முன்னால் வந்து நிற்கும்போது அது ஆறித்தான் இருக்கும். ஒரு பாவமும் அறியாததுபோல் ஓடும்.

மனிதர்களிடம் நாம் இந்தப் பொறுமையைக் காட்டுகிறோமா? ஒரு குமாஸ்தா மாதத்தில் மூன்று வாரம் ஒழுங்காகக் கணக்கு எழுதுகிறார்; நாலாவது வாரம் தவறுகிறது. இரக்கமுள்ள முதலாளி, "போகட்டும், மறந்துவிடுவோம்" என்கிறார். கண்டிப்பான முதலாளி, "அவன் புத்தியே அப்படி" என்கிறார். முன்னவர் நல்லவர், பின்னவர் பொல்லாதவர் என்று நமக்குத் தோன்றும். ஆனால் இருவரும் செய்த காரியம் ஒன்றுதான்: நாலாவது வாரத்தில் என்ன நடக்கிறது என்று கேட்காமல் விட்டுவிட்டார்கள். மன்னிப்பும் வசையும் சில வேளைகளில் ஒரே சோம்பலின் இரண்டு முகங்கள்.

மனிதன் மோட்டார் அல்லவே என்று நீங்கள் சொல்லலாம். உண்மை. அவனைக் கரையில் கட்டிவைத்துச் சோதிக்க நமக்கு உரிமை இல்லை. அவன் அறியாமல் பொறி வைத்துப் பார்ப்பது அவனை இழிவு செய்வதாகும். ஆனால் மோட்டாருக்கு இல்லாத ஒன்று அவனுக்கு உண்டு. அவனுக்கு வாய் இருக்கிறது. தன்னை எங்கே மூச்சு முட்டுகிறது என்பதை அவனே சொல்லுவான், கேட்பவர் தண்டனையை முடிவு செய்துவிட்டுக் கேட்காமல் இருந்தால்.

ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் ஐயப்படுவதும் இரண்டுமே துன்பம் என்பது வள்ளுவர் கருத்து. இதற்கென்றே "தெரிந்து தெளிதல்" என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அப்படியானால், ஆராய்ந்து சரிசெய்த மோட்டாரோடு துடுப்பையும் எடுத்துச் செல்வது ஐயம் ஆகாதா?

ஆகாது என்றே நினைக்கிறேன். தனியாகச் செல்பவன் தன் நம்பிக்கைக்குத் தானே விலை கொடுப்பான். படகில் ஒரு குழந்தையும் ஏறியிருந்தால், அந்த விலையைக் கொடுக்கப் போவது யார்? நம் நம்பிக்கையை மற்றவர் உயிரை ஈடு வைத்து நடத்த நமக்கு அதிகாரம் இல்லை. அண்ணன் தம்பிக்குள் பத்திரம் எதற்கு என்பார்கள். அது அவர்களுக்காக மட்டுமா? நாளை அவர்கள் இல்லாதபோது வாழவேண்டிய பிள்ளைகளுக்காகவும் அல்லவா?

ஆனால் துடுப்பு இருக்கிறதே என்று மோட்டாரின் குறையை ஆராயாமல் விடுவதும் தவறு. அப்படி விட்டவன், எதிர்க்காற்றில் கைவலிக்கத் துடுப்புப் போடும்போதும் மோட்டாரையே திட்டிக்கொண்டிருப்பான். மூடியிலிருந்த திருகு அப்போதும் மூடியே இருக்கும்.