எரிந்த கடிகாரம்

அழியப் போகிற வேலையை ஒருவன் எதற்காக ஒழுங்காகச் செய்ய வேண்டும்? கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. இரவெல்லாம் கண்விழித்து நான் எழுதிய தொடர்கதையின் பக்கம் ஒன்று, ஒருநாள் வேர்க்கடலைப் பொட்டலமாக என் கைக்கே வந்து சேர்ந்தது. கடலையைத் தின்றுவிட்டுக் காகிதத்தைப் பிரித்துப் படித்தேன். அதிலே ஒரு வாக்கியம் பிசகியிருந்தது. பொட்டலமானதற்காக அல்ல, அந்தப் பிசகுக்காக வெட்கப்பட்டேன்.

அப்போது சுவீடன் நாட்டுக் கிறிஸ்டோபர் போல்ஹெம் நினைவுக்கு வந்தார். 1661இல் கோட்லாந்து தீவில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, பண்ணையில் ஊழியம் பார்த்தவர். கையிலே தொழில் இருந்தது. கற்க வேண்டிய நூல்களோ லத்தீனில் இருந்தன. என்ன செய்தார் தெரியுமா? ஒரு பாதிரியாருக்குக் கடிகாரம் செய்து கொடுத்து, கூலியாக லத்தீன் கற்றுக்கொண்டார்! 1687இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அவ்வூர்ப் பேராலயத்தில், சூரிய சந்திரரின் போக்கைக் காட்டும் பழங்கடிகாரம் ஒன்று நெடுங்காலமாக ஓடாமல் கிடந்தது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு துறவி செய்தது அது. மாணவரான போல்ஹெம் அதைப் பழுது பார்த்து ஓட வைத்தார். 1702இல் உப்சாலாவில் பெருந்தீ. கடிகாரமும் எரிந்து போயிற்று. பதினைந்து ஆண்டுக்கு மேல் அது ஓடியிருக்க முடியாது.

அவர் உழைப்பு வீண்தானா?

"இல்லை, அந்த வேலைதானே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது" என்பீர்கள். உண்மைதான். பின்னாளில் ஷெர்ன்சுண்டில் நீர்விசையால் இயங்கும் தொழிற்சாலை நிறுவினார். 1737இல் அதையும் தீ தின்றது. பூட்டும் கடிகாரமும் செய்த பகுதிதான் மிஞ்சியது. 1751இல் இறந்தார். ஆனால் பெயர் கிடைத்ததால்தான் உழைப்புக்கு மதிப்பு என்றால், பெயரில்லாமல் உழைத்தவர்களின் கதி என்ன? அந்தத் துறவியின் பெயரை இன்று எத்தனை பேர் அறிவார்கள்?

எனக்குத் தோன்றுவது இதுதான். கடிகாரம் காலத்தைச் சேமித்து வைப்பதில்லை. நிமிர்ந்து பார்ப்பவனுக்கு அந்த நிமிஷத்தில் சரியான மணியைச் சொல்ல வேண்டும். அவ்வளவே அதன் கடன். உப்சாலாவில் அதை நம்பி மணி பார்த்தவர்களை அது ஏமாற்றவில்லை. பின்னால் வந்த தீ, முன்னால் சொன்ன மணியைப் பொய்யாக்கிவிடாது.

அந்தப் பொட்டலக் காகிதத்தை நான் எறியவில்லை. பிசகிய வாக்கியத்தைப் பேனாவால் திருத்தினேன். யார் படிக்கப் போகிறார்கள்? யாருமில்லை. ஆனாலும் திருத்தினேன்.