செம்பில் களிம்பும் எழாத் தீயும்

எரிவதற்கு வேண்டியன எல்லாம் கூடியிருந்தும் தீ எழாதபோது, இருக்க வேண்டிய ஒன்று இல்லாமற்போயிற்று என்று கொள்வதா, இருக்கக் கூடாத ஒன்று குறுக்கே நிற்கிறது என்று கொள்வதா என்பது இந்தியத் தருக்க நூலார் நெடுங்காலம் வாதிட்ட வினா. ஒருவகை மணியை அருகில் வைத்தால் நெருப்புச் சுடாது என்னும் அக்கால நம்பிக்கையை எடுத்துக்காட்டாகக் கொண்ட மீமாஞ்சகர், மணி தீயின் சுடும் ஆற்றலையே கெடுக்கிறது என்றனர். பத்தாம் நூற்றாண்டளவில் வாழ்ந்த உதயணர் முதலிய நியாய நூலாரோ, அவ்வாறு தனியே ஓர் ஆற்றலைக் கற்பிக்க வேண்டியதில்லை என்றும், தடையின் இன்மையையும் காரணங்களுள் ஒன்றாக எண்ணினால் போதும் என்றும் மறுத்தனர். இத்தடைக்கு அவர்கள் இட்ட பெயர் பிரதிபந்தகம்.

நீர் ஸ்கூட்டர் என வழங்கும் சிறு கலத்தின் எந்திரம் அந்த மணியைக் காட்டிலும் தெளிவான எடுத்துக்காட்டாகும். மணிமேகலையின் 29ஆம் காதையில், புகையைக் கொண்டு மலையில் நெருப்பு உண்டென்று துணியும் அனுமானத்துக்கு உடன்பாட்டு எடுத்துக்காட்டாக அடுக்களையும், நெருப்பில்லா இடத்துக்கு எடுத்துக்காட்டாகப் புனலும் காட்டப்படுகின்றன. அப்புனலின் மேலேயே, நொடிக்குப் பல பத்து முறை தன்னுள் தீ மூட்டிக்கொண்டு ஓடுவது இக்கலம். ரமணர் பிறந்த திருச்சுழியின் கரிசலில் இதற்கு வேலையில்லை எனினும், அவ்வட்டார மானாவாரிக் காடுகளில் உழவர் முதுகில் சுமக்கும் பெட்ரோல் மருந்து தெளிப்பானிலும் பழைய மொபெட்டிலும் இருப்பது இதே மூட்டுமுறையின் எளிய வடிவமே. பழைய இரு வீச்சு எந்திரங்கள் பலவற்றில், சுழலும் சக்கரத்தில் பதித்த காந்தங்கள் கம்பிச் சுருள்களைக் கடக்கும்போது பிறக்கும் மின்சாரம் ஒரு மின்தேக்கியில் சில நூறு வோல்ட் அளவில் தேங்கி நின்று, உரிய கணத்தில் காயிலுக்குள் பாய்ந்து, அங்கே பல்லாயிரம் வோல்ட்டாக உயர்ந்து, பிளக்கின் நுனியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியைப் பொறியாகத் தாண்டுகிறது.

எந்திரம் கிளம்பாதபோது, பிளக்கைக் கழற்றி, அதன் உலோக உடலை எந்திரத்தின் தலைப்பகுதியோடு சேர்த்து எர்த் கொடுத்து, பெட்ரோல் ஆவி அருகில் இல்லாமல் பார்த்துக்கொண்டு எந்திரத்தைச் சுற்றிப் பார்ப்பதே முதற் சோதனை. நீல நிறத்தில் அழுத்தமான பொறி வந்தால் குறை பெரும்பாலும் எரிபொருளிலோ காற்றிலோ அழுத்தத்திலோ இருக்கும்; வாராதாயின் புதிய பிளக், பிளக்கின் தொப்பி, காயில், சுருள்கள் என ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போக வேண்டும். எஞ்சியதைக் கொண்டு உண்மையைத் துணியும் இம்முறையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் ஒழிபு என்னும் அளவையாகக் குறிக்கிறது. எண்ணப்பட்ட பட்டியல் முழுமையானதாக இருந்தாலன்றி ஒழிபு பயன் தராது. பிளக்கும் காயிலும் சுருள்களும் நன்றாயிருந்தும் பொறி வாராத எந்திரத்தின் முன் பலர் திகைத்து நிற்பதற்குக் காரணம், அவர்களது பட்டியலில் இருக்க வேண்டிய பொருள்கள் மட்டுமே இடம்பெற்று, தடை இடம்பெறாமற்போவதுதான்.

அத்தடை பெரும்பாலும் நிறுத்தும் சுவிட்சின் கம்பி. ஓட்டுபவர் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கயிறு, அவர் நீரில் விழுந்ததும் சுவிட்சிலிருந்து கழன்றுவிட, மூட்டுவதற்குரிய மின்சாரம் எர்த்துக்குத் திருப்பப்பட்டு எந்திரம் நிற்கும்படி பல கலங்களில் அமைத்திருக்கிறார்கள். சுவிட்சுக்குள் உப்புநீர் புகுந்தால், கயிறு அதன் இடத்திலேயே இருக்கும்போதும் அவ்வழி திறந்துகொள்ளக்கூடும். சோதனைக்காக அந்த ஒரு கம்பியைக் கழற்றியதும் பொறி திரும்பி வருமாயின், எந்திரத்துக்குப் புதிதாக எதுவும் கொடுக்கப்படவில்லை. அது முன்பே பெற்றிருந்ததைத் தடுத்த ஒன்று விலக்கப்பட்டது. உதயணர் கூறியது இதையே.

சைவ சித்தாந்தம் உயிரின் அறியாமையை விளக்கும் முறை இதற்கு வெகு அணுக்கமானது. ஆணவம் என்னும் மலம் அறிவின் வெறும் இன்மை அன்று, உயிரின் அறிவை மறைத்து நிற்கும் உள்பொருள் என்பது சித்தாந்தத்தின் துணிபு. அதற்கு அந்நூலார் காட்டும் உவமை செம்பில் களிம்பு. உப்புக் காற்றில் பச்சைபூத்த கம்பி முனைகளைச் சுரண்டிய கை அவ்வுவமையின் பொருத்தத்தை உடனே உணரும். கம்பியில் ஏறும் பச்சை இடையில் வந்தது, ஆணவமோ உயிரோடு அநாதியாகவே உள்ளது என்னும் வேறுபாட்டை மறந்துவிடலாகாது. ஆயினும் செம்பு தன் களிம்பைத் தானே நீக்கிக்கொள்ளாது, அதற்கு ரசகுளிகை வேண்டும், அதுபோல உயிருக்குத் திருவருள் வேண்டும் என்னும் கருத்து இரண்டிடத்தும் நிற்கிறது. நிறுத்தும் சுவிட்சுக்கும் சித்தாந்தத்தில் ஓர் இணை உண்டு. திரோதானம் எனப்படும் இறைவனின் மறைக்கும் சத்தி, மலத்தின் தொழிலை நடத்துவதால் தானும் மலம் என்றே எண்ணப்படுகிறது. ஆனால் உயிர் பக்குவம் அடையும்வரை காத்து நிற்பதால் அது அருளே. விழுந்தவரைக் காப்பதற்கென்றே வைத்த தடையைச் சோதனை முடிந்ததும் மீண்டும் பூட்டாமல் கலத்தை நீரில் இறக்குவது உயிருக்கே ஆபத்தாகும்.

திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமன், 1896இல் மதுரையை விட்டுத் திருவண்ணாமலை சென்று ரமணர் ஆனவர், தடை பற்றிய இவ்வினாவை வேறொரு முனையிலிருந்து எடுக்கிறார். சிவப்பிரகாசம் பிள்ளையின் கேள்விகளுக்கு அவர் அளித்த விடைகளிலிருந்து உருவான ‘நான் யார்?’ என்னும் நூலில் உடல், புலன்கள், மூச்சு, மனம் என ஒவ்வொன்றும் நானல்ல என்று விலக்கப்படுகின்றன. மேலோட்டமாக நோக்கினால் இதுவும் ஒழிபே. ஆனால் உள்ளது நாற்பதில் அவரே, இது நானல்ல என எண்ணிக்கொண்டிருப்பது ஆன்ம விசாரத்துக்குத் துணையாகலாமே தவிர விசாரம் ஆகாது என்று வரையறுத்து, நீரில் விழுந்த பொருளை எடுக்க மூழ்குவதுபோல் ‘நான்’ எழும் இடத்துள் மூழ்க வேண்டும் என்கிறார். நீர் ஆழத்துக்கு இறங்கிவிட்ட கிணறுகளைக் கொண்ட வறண்ட வட்டாரத்தில் பிறந்தவரின் வாக்கில் இவ்வுவமை தனி அழுத்தம் பெறுகிறது.

எந்திர உவமை சித்தாந்தத்தோடு இறுதிவரை நடக்கும். ரமணரோடு வாயில்வரைதான் வரும். எந்திரத்தில் சோதிப்பவர் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார். தடை நீங்கியபின் பிளக்கைத் திரும்பப் பூட்டிவிட்டு ஸ்பானரைக் கையிலேயே வைத்திருக்கிறார். ரமணர் கேட்கும் விசாரத்திலோ, தடையைத் தேடுபவன் யார் என்பதே தேடல். அங்கே ‘நான் யார்’ என்னும் நினைவு, பிணம் சுடும் தடியைப் போல, மற்ற நினைவுகளை எரித்தபின் தானும் அதே தீயில் எரிந்துபோகிறது.