நம்பிக்கையை அளக்கும் நீதிமன்றம்

1995 ஜூன் 14 அன்று கெய்ரோ மேல்முறையீட்டு நீதிமன்றம், நஸ்ர் ஹாமித் அபூ ஸைத் என்ற பேராசிரியரை மதம் துறந்தவர் என்று அறிவித்து, அவருடைய திருமணத்தையும் ரத்து செய்தது. வழக்குத் தொடுத்தவர்கள் அந்தக் குடும்பத்துக்கு எந்த வகையிலும் உறவில்லாதவர்கள். தீமையைத் தடுக்கச் சமூகத்தின் சார்பில் யாரும் முன்வரலாம் என்ற ஹிஸ்பா உரிமையின் பேரில் வந்தவர்கள். கணவனும் மனைவியும் பிரிய விரும்பவில்லை. அவர் மனைவி இப்திஹால் யூனுஸ் அதே கெய்ரோ பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் கற்பித்தவர். அவர்மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. கணவர் எழுதிய நூல்களுக்காக அவருடைய மணவாழ்வைச் சட்டம் கலைத்தது. ஓர் ஆய்வாளரின் ஈமானை, அதாவது இறைநம்பிக்கையை, அரசு நீதிமன்றம் அளக்கலாமா என்ற கேள்வியை எடைபோடும்போது, இந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததை ஓரத்தில் தள்ளிவிட முடியாது.

குர்ஆன் இறைவனின் வாக்கு என்பதை அபூ ஸைத் மறுக்கவில்லை. அது மனித மொழியில், ஒரு காலத்து அரபு மக்களிடம் இறங்கியதால், அந்த மொழியையும் வரலாற்றையும் கொண்டே அதை விளங்கிக்கொள்ள வேண்டும் என்றார். இது சரியா தவறா என்பது அறிஞர்கள் வாதிட வேண்டிய விஷயம். பலர் வலுவாக மறுத்து எழுதியும் இருக்கிறார்கள். மதம் துறந்தவரின் திருமணம் முறியும் என்ற விதி பழைய ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்டவியல்) நூல்களில் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தானே மார்க்கத்தை உதறியவர் வேறு. “நான் முஸ்லிம்” என்று சொல்லிக்கொண்டிருப்பவரின் பக்கங்களிலிருந்து அவருடைய குஃப்ரை (இறைமறுப்பை) வருவிப்பது வேறு. வெளிப்படையைக் கொண்டே தீர்ப்பு, உள்ளத்தின் கணக்கு அல்லாஹ்விடம் என்பது அதே ஃபிக்ஹ் மரபின் நிலைப்பாடு. தத்துவவாதிகளைச் சில கொள்கைகளுக்காகக் காஃபிர் (இறைமறுப்பாளர்) என்று சொன்ன இடைக்கால அறிஞர் கஸ்ஸாலியே, கலிமா சொல்பவரைக் காஃபிராக்க அவசரப்படாதீர்கள் என்று எச்சரித்தார்.

வரிப்பணத்தில் சம்பளம் வாங்கும் ஆசிரியர் மாணவர்களின் நம்பிக்கையைக் குலைத்தால் சமூகம் கைகட்டி நிற்க வேண்டுமா என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. நிற்க வேண்டாம். நூலுக்கு எதிராக நூல் எழுதலாம், மேடையில் மறுக்கலாம், ஆய்வில் பிழையிருந்தால் துறையிடம் முறையிடலாம். ஆனால் அரசின் கையில் அகீதாவை (மார்க்கக் கொள்கையை) கொடுப்பதால் வரும் கேட்டை முஸ்லிம் வரலாறு நன்றாகவே அறியும். 833-இல் கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்ற முஃதஸிலா கொள்கையை அறிஞர்கள்மீது திணித்தார். மறுத்த அஹ்மத் இப்னு ஹன்பல் சிறையும் கசையடியும் பட்டார். அன்று அடித்தது பகுத்தறிவின் பெயரால், 1995-இல் மரபின் பெயரால். கொள்கை இடம் மாறியது, கொடுமை மாறவில்லை. அபூ ஸைதின் பதவி உயர்வை எதிர்த்து அறிக்கை எழுதிய அப்துஸ் ஸபூர் ஷாஹீனும், ஆதமைப் பற்றித் தாம் 1998-இல் வெளியிட்ட நூலுக்காக மார்க்க விரோதக் குற்றச்சாட்டைச் சந்தித்தார். அவருக்கும் அந்த வழி அநியாயமானதே.

தனிநபர்கள் இத்தகைய வழக்கை நேரடியாகத் தொடுக்க முடியாதபடி 1996-இல் எகிப்து சட்டத்தைத் திருத்தி, அந்த அதிகாரத்தை அரசு வழக்குத் துறையிடம் ஒப்படைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச முறையீட்டு நீதிமன்றம் பழைய தீர்ப்பை உறுதிசெய்தது. தம்பதியர் அதற்குள் நெதர்லாந்தின் லைடனுக்குப் போயிருந்தனர். வாசலில் நிற்கும் ஆளை மட்டும் மாற்றிய திருத்தம் அது. ஒருவரின் ஈமானை விசாரிக்கும் அதிகாரம் அரசிடமே இருந்தது. எடுக்கப்பட்டிருக்க வேண்டியது அந்த அதிகாரம்.