இழவு வீட்டில் மட்டுமா அநித்தியம்?



இறந்தோர் இல்லம் சென்று, திரிசரண பஞ்சசீலம் ஓதி, அநித்தியத்தை எடுத்துரைத்து, உற்றாரைத் தேற்றி வருதல் நம் பிரசாரகர்களின் நெடுநாள் வழக்கம். நானும் அவ்வாறே செய்து வந்தவன். 2019-ஆம் ஆண்டில் பெங்களூரில் ஒரு தொழிலாளியின் இல்லத்தில், தோன்றியன யாவும் மறையும், ஆதலின் அழவேண்டா என்று பேசி முடித்தேன். கணவரை இழந்த அம்மையார் தலை நிமிர்ந்து, "ஐயா, இதை அவர் இருக்கும்போது வந்து ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால், அற்பச் சண்டைக்காகக் கடைசி நான்கு நாளும் அவரோடு பேசாமல் இருந்திருக்க மாட்டேனே!" என்றார். நான் மறுமொழி கூற இயலாது எழுந்து வந்துவிட்டேன்.

அவர் கூறியது துயரத்தில் எழுந்த வெறும் புலம்பல் அன்று. நம்மீது தொடுத்த நியாயமான வழக்கு. அநித்தியத்தை நாம் இழவு வீட்டுக்குரிய மருந்தாக்கி வைத்துள்ளோம். பகவான் அதை அவ்வாறு வைக்கவில்லை. அங்குத்தர நிகாயத்திலே, ஆணும் பெண்ணும், இல்லறத்தாரும் துறவறத்தாரும் அடிக்கடி எண்ணிப் பார்க்கவேண்டியவை என ஐந்து கூறப்பட்டுள்ளன. மூப்பு, பிணி, சாக்காடு இம்மூன்றும் நமக்கு உண்டென்பது. அன்புக்குரிய யாவற்றையும் பிரிய நேரும் என்பது. நாம் செய்த வினைக்கு நாமே உரியவர் என்பது. இவற்றை எண்ணுவோர்க்கு இளமையாலும், நோயின்மையாலும், உயிரோடிருத்தலாலும் உண்டாகும் மதம் குறையும் என்றும் அங்கே கூறப்பட்டுள்ளது. இம்மூன்றாம் மதத்தை நாம் நம் உயிரைப் பற்றியே கொள்கிறோம் என்று கருதுகிறோம். பிறர் உயிரைப் பற்றிக் கொள்ளும் மதமே அதனினும் கொடிது என்பது என் துணிபு. மனைவி நாளையும் சோறிடுவாள், தாய் நாளையும் திண்ணையில் இருப்பாள் என்னும் செருக்கினால் அன்றோ, இன்று அவர் முகத்தைப் பாராமலே உண்டு எழுகிறோம்!

நிற்க. பிரிவை எண்ணிக்கொண்டே இருந்தால் அன்பு வறண்டு போகாதோ என்று சிலர் வினவுவர். பௌத்தம் அன்பற்ற மார்க்கம் எனப் பழிப்போரும் உளர். மச்சிம நிகாயத்தின் 87-ஆம் சூத்திரத்தைக் காண்க. அன்புக்குரியோரிடமிருந்தே துக்கம் பிறக்கிறது என்று பகவான் கூறியதைக் கேள்வியுற்ற கோசல மன்னன் பசேநதி அதனை ஏற்கவில்லை. அரசி மல்லிகையோ அவனோடு வாதாடவில்லை. மகள் வஜிரி உமக்கு அன்புக்குரியவளா என்று கேட்டாள். ஆம் என்றான். அவளுக்கு ஒரு கேடு நேரின் துக்கம் வாராதா என்றாள். என் உயிரே கலங்குமே என்றான். பிறகு தன்னைக் குறித்தும் அவ்வாறே கேட்டாள். கணவன் எதிரில் நின்று, 'நான் உமக்கு அன்புக்குரியவளா, நான் மாறிப்போனால் என் செய்வீர்?' என்று கேட்க எத்துணைத் துணிவு வேண்டும்! மகளை வெறுத்துவிடு என்று அவ்வரசி கூறவில்லை. மன்னனும் வெறுத்தான் இல்லை. கேள்வி எழுந்தபோது வஜிரியும் உயிரோடிருந்தாள், மல்லிகையும் உயிரோடிருந்தாள். இதனை நாம் கவனிப்பதில்லை.

பஞ்சாலையில் நூற்புப் பகுதியில் வேலை செய்தோர் இதனை எளிதில் உணர்வர். இழை அறுவது இயல்பு. அறும் என்று அறிந்த தொழிலாளி இயந்திரத்தை வெறுத்து ஓடுவதில்லை. கண்ணை எடுக்காது அதன் பக்கமே நடந்துகொண்டிருக்கிறான். அறாது என்று நம்புகிறவனே மூலையில் அமர்ந்து உறங்குவான்.

நான் அவ்வாறு உறங்கினவன். 1998-ஆம் ஆண்டளவில் என் லைன் வீட்டில் மணி என்றொரு நாய் இருந்தது. தரும ஏட்டில் நாயைப் பற்றி எழுதலாமோ என்று சிலர் முகம் சுளிக்கலாம். எல்லா உயிர்களும் இன்புற்றிருக்க என்று நாள்தோறும் ஓதுகிறோமே, அந்த எல்லாவற்றுள் அதுவும் அடங்கும். இரவு ஷிப்ட் முடிந்து, தலையிலும் புருவத்திலும் பஞ்சு படிய, நான் விடியலில் வரும்போது அது தெருமுனையிலேயே காத்திருக்கும். வாலாட்டிக் காலைச் சுற்றும். தூக்கக் கலக்கத்தில் காலால் ஒதுக்கிவிட்டுச் செல்வேன். ஒரு நாள் முனையில் அது இல்லை. முன்னிரவிலேயே இறந்துவிட்டதென்றும், புதைத்தாயிற்றென்றும் மனைவி சொன்னாள். அதன் நெற்றியில் இருந்த வெள்ளை இடப்பக்கமா, வலப்பக்கமா என்று அன்று எண்ணிப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. ஏழாண்டுகள் என் சோற்றைத் தின்று வளர்ந்த உயிர் அது.

பற்று வேறு, பார்த்தல் வேறு. பற்றுடையவன் 'எனது' என்று பிடிக்கிறான். பிடித்த பொருளைப் பின்னர் பார்ப்பதில்லை. எண்பது வயதில், உடல் பழைய வண்டிபோலத் தளர்ந்த நிலையில், பகவான் வைசாலியில் சாபால சைத்தியத்தின் அருகே அமர்ந்து, வைசாலி இனிது, உதேன சைத்தியம் இனிது, கோதமக சைத்தியம் இனிது என ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் போற்றினார். பின்னர் அந்நகரை விட்டு நீங்கும்போது யானை திரும்புவதுபோல் முழுவுடலும் திரும்பி நோக்கி, இதுவே தம் கடைசிப் பார்வை என்று ஆனந்தரிடம் கூறினார். ஆசையை வேரறுத்தவர் ஊரைத் திரும்பிப் பார்த்தார்! குசிநகரில் ஆனந்தர் கதவருகே சாய்ந்து அழுதபோதும், அழாதே என்றதோடு நிறுத்தவில்லை. நெடுங்காலம் உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் அன்போடு தமக்குப் பணி செய்ததை எடுத்துரைத்துப் பாராட்டினார். தாம் இறந்தபின் பிறர் சொல்லட்டும் என்று விட்டுவைக்கவில்லை.

இப்பொழுது நான் பெயர்சூட்டு விழாவிலும், புதுமனை புகுவிழாவிலும், பிள்ளைகள் தேர்வில் வென்ற வீட்டிலும் அந்த ஐந்து சிந்தனைகளைச் சொல்லி வருகிறேன். ஒரு திருமண வீட்டில் பெரியவர் ஒருவர், நல்ல நாளில் அபசகுனமாகப் பேசுவதா என்று கடிந்துகொண்டார். சகுனத்தை விட்டொழித்தோம் என்று மேடைதோறும் முழங்கும் குடும்பம் அது!

கேள்வி கேட்ட அம்மையார் இன்றும் பௌர்ணமிக் கூட்டங்களுக்கு வருகின்றார். சென்ற ஆண்டுதான் அவரிடம் சென்று, "பிழை எங்களுடையது, அம்மா" என்றேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "வீட்டுக்குப் போங்கள் ஐயா, நேரமாகிறது, அக்காள் காத்திருப்பார்" என்றார்.