கையில் இருப்பதும் கருத்தில் இருப்பதும்

புதுவைப் பெரிய மார்க்கெட்டில் கடை வைத்திருப்போர், தெரிந்தவர் கொடுக்கும் பையைச் சற்று நேரம் பார்த்துக்கொள்வது இயல்பு. அத்தகைய பையொன்றில் துப்பாக்கியின் உறுப்பு இருந்து, கடைக்காரர் தண்டனை பெற்றால், அவர் மேல்முறையீடு செய்வது அறமாகுமா? வினைப்பயனை நுகர்ந்தே கழிக்கவேண்டும் என்னும் நாம், தண்டனையை எதிர்த்து வழக்காடலாமா?

சட்டம் கூறுவதை முதலில் காண்போம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், ஆயுதத்தின் உறுப்புகளையும் ஆயுதமென்றே கொள்கிறது. ஆயினும், ஏனைய உறுப்புகளோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமற்ற சிறு உறுப்புகளுக்கு அதன் 45ஆம் பிரிவு விலக்களிக்கிறது. 1972இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம், அறிந்து வைத்திருப்பதே உடைமை என்றது. பொருள் பிறர் கையில் இருப்பினும், தன் ஆளுகையில் இருப்பின் அதுவும் உடைமையே என்றும் விளக்கியது.

இக்கருத்து நமக்குப் புதிதன்று. உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் பரிக்கிரகத்தைப் பொருளின் அளவால் அன்றிப் பற்றினாலேயே வரையறுக்கிறது.

நோயும் வினைப்பயனே, எனினும் மருந்துண்கிறோம். அவ்வாறே, அறியாமல் வைத்திருந்தவர் மேல்முறையீடு செய்வது வினையை மறுப்பதாகாது. பொய்யான தீர்ப்பு நிலைபெறாமல் தடுப்பதும் வாய்மையின்பாற்பட்டதே. புதுவை அமர்வு நீதிமன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து 60 நாட்களுக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.

அறிந்தே வைத்திருந்தவர் நிலை வேறு. "அறியேன்" என்று அவர் வாதிட்டால், முதற்குற்றத்தோடு பொய்யும் சேர்கிறது. ஆனால் உண்மையை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைக்குமாறு வேண்டுவதில் பிழையில்லை. நடிகர் சஞ்சய் தத்தின் ஆயுத வழக்கில், 2013இல் உச்ச நீதிமன்றம் குற்றத்தீர்ப்பை உறுதிசெய்தது. ஆறாண்டுத் தண்டனையை ஐந்தாண்டாகக் குறைத்தது. விடுதலை மட்டுமே மேல்முறையீட்டின் பயனன்று.

இன்னுமொன்று உண்டு. நீதிமன்றம் விடுவித்த பின்னரும், உள்ளிருப்பதைக் கேளாமல் பையை வாங்கிய அசட்டை எஞ்சி நிற்கிறது. அறியாமை சட்டத்தின் முன் ஒருவரைக் காக்கலாம். பிரமாதமோ வினை ஊற்றுக்கு வாயிலாகும். கொலைக்கருவிகளைப் பிறர்க்கு வழங்கும் ஹிம்சாதானத்தை, இரத்தினகரண்டக சிராவகாசாரம் அனர்த்த தண்டம் ஐந்தனுள் ஒன்றாக வைக்கிறது. அக்கருவி நம் கடை வழியே கைமாறவும் நாம் இடந்தரலாகாது.

ஆகவே, மேல்முறையீட்டு மனுவில் கையொப்பமிடுமுன் இல்லறத்தார் தம்மைத்தாமே கேட்கவேண்டிய வினா ஒன்றே: அது என் கருத்தில் இருந்ததா? அதற்குரிய விடையை வழக்கறிஞர் எழுதித்தர இயலாது.