அடுத்து வருபவருக்கு உரியது

அறம் என்பது பிறர் காணச் செய்யும் நற்செயலால் அளக்கப்படுவதா, அன்றி எவரும் காணாவிடத்து ஆற்றும் கடமையால் அளக்கப்படுவதா? இவ்வினா தத்துவ நூல்களில் மட்டுமன்றிப் பற்சிகிச்சை அறையின் மேசையருகிலும் எழுவதாகும்.

புத்தளக் கரையோரத்தை எடுத்துக்கொள்வோம். கற்பிட்டி மீனவரும், உப்பளத் தொழிலாளியும், 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு குடியேறிய முஸ்லிம் குடும்பத்தவரும் பல்வலியோடு ஒரே வாங்கில் அமர்ந்திருக்கக்கூடும். உள்ளே அழைக்கப்படுபவர் காண்பது வெறும் நாற்காலியையே. தமக்கு முன் சென்றவரின் குருதி கலந்த உமிழ்நீர் விளக்கின் கைப்பிடியிலும் கருவித் தட்டிலும் தெறித்ததா, அது துடைக்கப்பட்டதா என்பதை அவர் அறியார். 'பி' வகை ஈரல் அழற்சி வைரசு உலர்ந்த நிலையிலும் ஒரு வாரம் தொற்றும் ஆற்றலோடு இருக்கும் என்பது 1981 இல் நிறுவப்பட்டது. கண்ணுக்குத் தூய்மையாய்த் தோன்றுவது தூயது ஆகிவிடாது.

செய்யவேண்டியது தெளிவானதே. எஞ்சிய குருதி தொற்றுநீக்கியின் வலுவைக் குறைப்பதால், முதலில் மேற்பரப்பைக் கழுவித் துடைத்தல் வேண்டும். பின்னர் தொற்றுநீக்கியை இட்டு, உரிய நேரம் ஈரமாக விடுதல் வேண்டும். துடைத்தற்கரிய பகுதிகளுக்கு இடும் உறையை ஒவ்வொருவருக்கும் மாற்றல் வேண்டும். இத்தகைய சிறு ஒழுங்குகளில் ஒன்று தவறினும் விளைவு பெரிது. தமிழ்நாட்டின் வாணியம்பாடியில் 2022-2023 காலப்பகுதியில் பற்சிகிச்சை பெற்றோர் சிலரை மெலியோய்டோசிஸ் நோய் மூளையில் தாக்க, எண்மர் மாண்டனர். கிருமியழிக்கப்படாத கருவியால் திறக்கப்பட்ட உப்புநீர்ப் போத்தலை 2025 இல் வெளியான ஆய்வு சுட்டியது. மண்ணில் வாழும் அக்கிருமி நமக்கும் அந்நியமன்று. இலங்கையில் அந்நோய் 1927 இலேயே பதிவாகியுள்ளது.

"வெளியே பலர் வலியால் துடிக்க, மேசையைத் துடைத்துக்கொண்டிருப்பது அறமா?" என்று ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும் தாமதம் வெளிப்படையானது. காத்திருப்போர் அதனை அறிவர், முறையிடவும் வல்லர். தொற்றோ மறைவானது; வாரங்கள் கழிந்து வெளிப்படுவது. அதன் சுமையை ஏற்பவரிடம் எவரும் இசைவு கேட்டதில்லை. நேரம் போதாதெனின், இன்று இத்தனை பேருக்கே சிகிச்சை என வெளிப்படையாய்க் கூறுவது நேர்மை; ஓசையின்றித் தூய்மையைக் குறைத்துக்கொள்வது வஞ்சனை.

இக்கடமையைத் துடைக்கும் உதவியாளர்மீது மட்டும் சுமத்துதலும் தகாது. கையுறையும் தொற்றுநீக்கியும் போதிய ஆளணியும் வழங்கவேண்டியோரும் இதில் பங்காளிகளே. அடுத்து வருபவர் யாரென அறியாதபோதும் அவருக்காக மேசையைத் தூய்மையாக்குபவர், அவரைத் தமக்கு நிகரான மனிதராய் மதிக்கின்றார். அம்மதிப்பின்றிச் செய்யப்படும் சிகிச்சை, எத்துணைத் திறமையுடையதாயினும், பாதிப் பணியே.